கடைசி 30 அடி

தங்கூசி தெரியாத ஆள் மட்டக்களப்பில் இல்லை. வெற்றுப் போத்தலில் சுற்றின தங்கூசி, ஒரு முள், ஒரு துண்டு இறால். இவ்வளவும் இருந்தால் கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பின்னேரம் போய்விடும். மீன் பட்டால் ஆணத்துக்கு, படாவிட்டால் காற்று வாங்கினதாகக் கணக்கு. அந்தத் தூண்டிலில் நூலும் ஒன்றுதான், முடிச்சும் ஒன்றுதான். அறுந்தால் யாருக்கும் பெரிய நட்டமில்லை.

முகத்துவாரம் தாண்டினால் கதை வேற. பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பின்னால் விட்டுக் கிழக்கே ஓடும் போட்டில் விளையாட்டுக்கு மீன்பிடிக்க வந்தவர் கையில் தடியும் றீலும் இருக்கும். றீலில் சில நூறு மீற்றர் பின்னல் நூல், கடைக்காரர் மொழியில் பிரெயிட். பொலியெத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்தது. அதே பலமுள்ள தங்கூசியின் பாதித் தடிப்புக்கூட இராது. இழுபடவும் மாட்டாது, அதனால் 50 மீற்றர் ஆழத்தில் மீன் தொட்டாலும் விரலுக்கு உடனே தெரியும். ஆனால் இழுவையில் இருக்கும்போது கல்லிலோ இரும்பிலோ மீன் பல்லிலோ உரசினால் அந்தக் கணமே போய்விடும். இதற்காகத்தான் பின்னல் நூலின் நுனியில் தடித்த நைலோன் துண்டு ஒன்றை இணைத்து, அதன் மறு முனையில் முள்ளைக் கட்டுகிறார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் லீடர்.

கலைப்பீடத்துப் பிள்ளைகள் இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் மூன்று பேர். வந்தாறுமூலையில் ஒருவன் புவியியல், ஒருவன் வரலாறு, ஒருத்தி தமிழ். புவியியல்காரன் இந்தச் சீசனில் போட்டில் லீடர் பிடிக்கிற வேலைக்குப் போகிறான். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வரும் ஆட்களில் சிலருக்குக் கடலைப் பார்த்தால் மட்டும் போதாது, பெரிய மீனோடு மல்லுக்கட்டவும் வேண்டும். அவர்களை ஏற்றிப்போகும் ஒரு போட்டில் அவனுக்கு நாட்சம்பளம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும் எங்கட பக்கக் கடல் அடங்கிக் கிடக்கும். மறுகா வாடை தொடங்கினால் போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு இருக்க வேண்டியதுதான். இந்த ஆறு மாதக் காசில் கடைசி வருடத்தை முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அவனுடைய அம்மாவின் கணக்கு வேறு, அதற்குப் பிறகு வருவோம்.

அவனுக்கு இந்த வேலை வந்தது மாமாவால். நாவலடியில் இருந்து, சுனாமிக்குப் பிறகு திராய்மடுவுக்கு வந்த குடும்பம். மாமா கைத்தூண்டிலில் சூரை பிடிப்பவர். தடியும் இல்லை, றீலும் இல்லை, நூல் நேரே கைக்கு வரும். ஆள்காட்டி விரலில் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டின வளையம் மாட்டியிருப்பார். லீடர் என்ற சொல் அவர் வாயில் வராது. "கடைசித் துண்டு" என்பார். அந்தக் கடைசித் துண்டைப் பற்றி அவரிடம் கேட்டதையும், இணையத்தில் பார்த்ததையும், கட்டிலிலும் தென்னை மரத்திலும் கட்டி இழுத்துப் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் தடிப்பு. கடையில் லீடர் உருளையில் எத்தனை இறாத்தல் என்று அடித்திருக்கும். எது வேண்டும் என்பதை மீன்தான் சொல்ல வேண்டும். அறக்குளாவுக்குக் கத்தரிக்கோல் மாதிரிப் பல். எவ்வளவு தடித்த நைலோனையும் ஒரு கடியில் வெட்டும் என்பதால் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு 40, 60 இறாத்தல் ஒற்றைக் கம்பி போடுகிறார்கள். சீலாவுக்கும் அதே. ஆனால் தெளிந்த தண்ணியில் கம்பி தெரிந்தால் மீன் கிட்ட வந்து கிறுகிப் போய்விடும் என்று மாமா சொல்கிறார். அவர் சில நாள் கம்பியே இல்லாமல் போடுவார். "நாலு கடிச்சா ரெண்டு அறுக்கும் மகன், ரெண்டு ஏறும். கம்பி போட்டா கடிக்கிறதே ஒண்டுதான்."

பாரைக்கு வெட்டுகிற பல் இல்லை. அதன் கெட்ட பழக்கம் முள் ஏறின உடனே கீழே, கல்லுக்குள், ஓடுவது. பெரும் பாரையைத் தேடி மிதக்கும் போலி இரையை எறிபவர்கள் 130, 170 இறாத்தல் நைலோனை இரண்டு மூன்று மீற்றர் நீளத்துக்குக் கட்டுவது இதனால்தான். தளப்பத்துக்கும் அதன் பெரிய உறவினரான மார்லினுக்கும் மூக்கு அரம் போல. தலையை ஆட்ட ஆட்ட நூலை அராவிக்கொண்டே இருக்கும். தளப்பத்துக்கு 80 முதல் 130 வரை போதும். பெரிய மார்லினுக்கு என்று போகிறவர்கள் 300, 400 இறாத்தல் வரை ஏற்றுவார்கள், அது கிட்டத்தட்ட உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரி இருக்கும். சூரைக்கு இதெல்லாம் சரிவராது. அதன் கண் கூர்மை. 60, 80க்கு மேல் தடித்தால் இரையைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

சூரைக்காரருக்காகத்தான் ஃப்ளூரோகார்பன் என்ற சாமான். பார்வைக்குத் தங்கூசி மாதிரியே இருக்கும், ஆனால் நைலோன் இல்லை. ஒளியை வளைக்கும் அளவு தண்ணிக்குக் கொஞ்சம் கிட்ட, ஏறக்குறைய 1.42. தண்ணிக்கு 1.33, நைலோனுக்கு 1.5க்கு மேல். அதனால் கடலுக்குள் குறைவாகத் தெரியும். தண்ணியை உறிஞ்சாது. நைலோன் உறிஞ்சும், உறிஞ்சினால் கொஞ்சம் பலம் குறையும். பாரமும் கூட என்பதால் சுறுக்காகத் தாழும். குறை என்றால் விறைப்பு, முடிச்சு இலேசில் இறுகாது. விலை இன்னொரு குறை. 2022இல் ரூபா விழுந்த பிறகு ஜப்பான் உருளை ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு மாமா அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, திருப்பி மேசையில் வைத்தார். எங்கள் அபிப்பிராயம்: ஆழத்தில் சூரைக்குப் போடுபவர் தவிர மற்றவர்கள் நல்ல நைலோனோடு நின்றால் போதும். பாரையும் தளப்பத்தும் நூலின் விலையைப் பார்ப்பதில்லை.

எங்கள் கடலில் தடிப்புக்கு இன்னொரு காரணமும் கீழே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீற்றரில், 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இருக்கிறது. 300க்கு மேற்பட்டவர்கள் அன்றைக்குச் செத்தார்கள். எங்களில் வரலாறு படிப்பவனுக்கு அது ஒரு போர்ச் சமாதி. அங்கே முள் இறக்குவது சரியா என்று அவன் கேட்கிறான், இன்னும் எங்களுக்குள் முடிவு வரவில்லை. மீனுக்கு அது வீடு. இரும்புக்குள் கலவாயும் அதைச் சுற்றிப் பாரையும் நிற்கும். மீன் பட்டால் முதல் பத்துப் பாகத்துக்குள் அதைக் கிளப்பி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துருப்பிடித்த தகட்டு விளிம்பில் நூல் ஒருமுறை உரசினால் போதும். பிரெயிட் ஒரு கணம் தாங்காது. தடித்த லீடர் கொஞ்சம் தாங்கும், அந்தக் கொஞ்சத்துக்குள் மீன் தலையைத் திருப்பினால் உண்டு.

இனி இணைப்பு. லீடர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் பின்னல் நூலோடு அதைச் சேர்க்கும் இடம் பலவீனமாக இருந்தால் காசெல்லாம் தண்ணியில். மெல்லிய வழுக்குகிற நூலையும் தடித்த விறைத்த நைலோனையும் சாதாரண முடிச்சால் சேர்க்க முடியாது. ஒன்று நழுவும், அல்லது மெல்லியது தடித்ததில் இறுகித் தன்னையே வெட்டிக்கொள்ளும். முடிச்சு பருத்துப்போனால் தடியின் வளையங்களுக்குள்ளால் போகாமல் மாட்டுப்படும் சிக்கலும் உண்டு. இதற்கு இன்றைக்கு உலகம் முழுக்கப் பலரும் கட்டுவது எஃப்ஜி முடிச்சு. பெயர்தான் முடிச்சு, லீடர் அதில் மடிபடுவதே இல்லை. பிரெயிட்டை விறைப்பாக இழுத்துக் கட்டிவைத்து, லீடரை அதன்மேல் ஒரு தரம் மேலால், ஒரு தரம் கீழால் மாற்றி மாற்றி ஓட்டினால், பிரெயிட் லீடரைச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகும். 20 சுற்றுக்குக் கிட்ட வேண்டும். பிறகு எச்சில் தடவி, இரண்டு பக்கமும் பலமாக இழுத்தால் பிரெயிட் நைலோனுக்குள் அமிழ்ந்து நிறம் இருண்டு போகும். நிறம் மாறாவிட்டால் அது கட்டுப்படவில்லை, வெட்டிவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். கடைசியில் சில அரை முடிச்சுகள், லீடரின் மிச்சத்தை ஒட்ட வெட்டுவது, அவ்வளவுதான். இழுக்க இழுக்க இறுகும், தடி வளையத்துக்குள்ளால் சத்தமில்லாமல் போகும்.

ஹொஸ்டலில் புவியியல்காரன் கட்டில் காலில் பிரெயிட்டைக் கட்டி ஒரு கிழமை இதையே செய்துகொண்டிருந்தான். ஒன்றைத் தமிழ்க்காரி வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மம்மாவுக்குக் காட்டினாள். அம்மம்மா பன்பாய் இழைப்பவர், தூண்டிலைத் தொட்டதே இல்லை. கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு இடத்துல கை தளர்ந்திருக்கு புள்ள" என்றார். உண்மையில் பன்னிரண்டாம் சுற்றுக்குப் பக்கத்தில் இடைவெளி இருந்தது. தென்னையில் கட்டி, மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொளுவி இழுத்தபோது அந்த இடத்திலிருந்துதான் நழுவத் தொடங்கியது. மாமா கட்டும் முறை வேறு. அவர் தங்கூசிக்குத் தங்கூசி சேர்ப்பவர், நடுவில் ஒரு பித்தளைச் சுழலி இருக்கும், மீன் சுழன்றாலும் நூல் முறுகாது. கையால் இழுப்பவருக்குச் சுழலி எந்த வளையத்திலும் மாட்டாது என்பதால் அது அவருக்குப் போதும். முடிச்சை இறுக்க முதல் எச்சிலில் நனைக்க வேண்டும் என்பதில் மட்டும் இணையமும் மாமாவும் ஒரே கட்சி. காய்ந்த நைலோன் உரசிச் சூடேறினால் பலம் போகும்.

200 இறாத்தலுக்கு மேல் போனால் முடிச்சு என்ற பேச்சே இல்லை. அவ்வளவு தடித்த நைலோன் கையால் இறுகாது. அங்கே கிறிம்ப். எட்டு வடிவத் துளையுள்ள சின்ன அலுமினியக் குழாய்க்குள் லீடரை ஒருமுறை விட்டு, முள்ளைக் கோத்துத் திருப்பி விட்டு, அதற்கென்று உள்ள கருவியால் நசுக்குவது. குழாயின் அளவு நூலின் தடிப்புக்குச் சரியாக இருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லிமீற்றரை நசுக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரமே கத்தியாகும். வெளியே நிற்கும் நுனியை லைற்றரால் உருக்கிக் குமிழாக்கினால் நழுவாது. சாதாரண பிளையர்ஸால் நசுக்கினதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

மாமாவிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பெரிய விசயம் இணையத்தில் அவ்வளவாகக் கதைபடுவதில்லை. அறுகிறது என்றால் எங்கே அறுக வேண்டும் என்பதை முதலே தீர்மானிக்க வேண்டும் என்கிறார் அவர். பின்னல் நூல் 80, லீடர் 170 என்று வைப்போம். முள்ளிலுள்ள முடிச்சும் நல்ல முடிச்சு. இரும்பில் சிக்கினால் எது போகும்? மேலேயுள்ள 80 போகும், அல்லது இணைப்புப் போகும். மீன் வாயில் முள்ளோடு மூன்று மீற்றர் தடித்த நைலோனையும் இழுத்துக்கொண்டு போகும். அது எங்கேயாவது கல்லில் சுற்றினால் அந்த மீன் அங்கேயே கட்டுப்பட்டுச் சாகும். யாருக்கும் இல்லாத மீன். பிடித்துத் திரும்ப விடுவதுதான் நாகரிகம் என்று சொல்லும் விளையாட்டில் இது நடக்கிறது. முள்ளுக்குக் கிட்ட உள்ள முடிச்சுத்தான் முழுத் தூண்டிலிலும் முதலில் போகிற இடமாக இருக்க வேண்டும். அப்போது மீன் முள்ளோடு மட்டும் போகும். அதனால் பாரமான லீடர் எப்போதும் நல்லது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். றீலில் உள்ள நூலுக்கு ஏற்ற பாரம் என்று மட்டும் சொல்வோம்.

இவ்வளவும் மீனின் பக்கமும் தடிகாரரின் பக்கமும். படகில் இன்னொரு ஆள் இருக்கிறான்.

விளையாட்டு மீன்பிடிக்கு உலகச் சாதனைகளைப் பதிவுசெய்யும் சங்கம் ஐ.ஜி.எஃப்.ஏ. 1939இல் தொடங்கியது. ஹெமிங்வேயும் அதன் துணைத் தலைவராக இருந்தவர். கடல் மீன்பிடிக்கு அவர்களுடைய விதி: தடியையோ றீலையோ நூலையோ தூண்டில்காரர் தவிர வேறு ஒருவரும் தொடக்கூடாது, தொட்டால் சாதனை இல்லை. ஆனால் லீடர் படகுக்காரனின் கைக்கு எட்டியபிறகு அதை அவன் பிடிக்கலாம். லீடர் எவ்வளவு நீளம் இருக்கலாம்? 20 இறாத்தல் வரையான நூலுக்கு 15 அடி. அதற்கு மேல் 30 அடி. எங்களுக்கு இந்த விதியை வாசித்தபோதுதான் விளங்கியது: கடல் முழுக்க வந்தவரின் மீன், கடைசி 30 அடி எங்கட பொடியனின் கையில்.

அந்த 30 அடிக்குள் நடப்பது இது. மீன் படகுக்குக் கிட்ட வரும், களைத்திருக்கும், ஆனால் படகைக் கண்டதும் ஒருமுறை உதறும். கையுறை போட்ட கையில் லீடரை ஒரு சுற்று, சில வேளை இரண்டு சுற்று எடுத்து இழுக்க வேண்டும். சுற்று எடுக்காவிட்டால் நைலோன் வழுக்கும். எடுத்தால், மீன் ஓடும்போது விரலைத் திறந்து அது தானாகக் கழன்று போகும் விதமாக எடுத்திருக்க வேண்டும். இழுத்த நூல் காலடியில் வளையமாக விழக்கூடாது, வெளியே தண்ணிக்குள் விழ வேண்டும். காலில் சுற்றினால் மீனோடு ஆளும் போவான். மாமாவின் வலது சின்ன விரல் மடியாது. அதைப்பற்றி அவர் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

தமிழ்க்காரிக்கு இங்கே "கிழவனும் கடலும்" ஞாபகம் வந்தது. 1952இல் வந்த அந்த நாவலில் சந்தியாகோவிடமும் மாமாவைப்போலக் கைத்தூண்டில்தான், நூல் அறுத்த கைகள்தான். கிழவர் திரும்பத் திரும்ப நினைப்பது தன்னோடு வராத பையனை. அந்தப் பையனைப்பற்றி யாராவது எழுத வேண்டும் என்கிறாள் அவள்.

லீடரைத் தெரிவுசெய்வதில் உண்மையான இழுபறி இப்போது விளங்கியிருக்கும். மெல்லிய லீடர் என்றால் மீன் நன்றாகக் கடிக்கும், வந்தவருக்குச் சந்தோசம். ஆனால் மெல்லியது கையை அறுக்கும். தடித்தது கைக்கு நல்லது, கடி குறையும். நீளமானது என்றால் மீனின் வாலும் உடம்பும் பிரெயிட்டில் படாது, ஆனால் கையால் இழுக்க வேண்டிய தூரம் கூடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. விண்ட்-ஒன் லீடர் என்பார்கள். உள்ளே துளையுள்ள பின்னல் குழாய்க்குள் நைலோனைச் செருகி, மறுபக்கம் தடம் வைத்து, நூலின் தடத்தோடு கொளுவுவது. முடிச்சு இல்லாததால் தடி வளையங்களுக்குள்ளால் றீலுக்கே சுற்றி எடுக்கலாம். 30 அடியில் பெரும்பகுதியை வந்தவர் தன் றீலாலேயே எடுத்துவிடுவார், கைக்கு வருவது கடைசி இரண்டு மூன்று மீற்றர். செலவு கூட, செய்யவும் நேரம் பிடிக்கும். போட்காரருக்கு அதில் பெரிய விருப்பமில்லை, இதுவரை எல்லாம் சரியாகத்தானே நடக்கிறது என்கிறார்.

இந்த இடத்தில்தான் அம்மாவின் கணக்கு. "கம்பஸ் படிக்கிற பொடியன் தூண்டில் இழுக்கப் போறதுக்கா நான் இவ்வளவு காலம்..." என்று தொடங்கி வசனத்தை முடிக்க மாட்டா. அவவின் தம்பியின் விரலை அவ தினமும் பார்க்கிறா. பட்டம் முடித்து வேலைக்காகக் காந்திப் பூங்காவில் குந்தியிருந்த அண்ணாமார் அக்காமாரையும் அவ பார்த்திருக்கிறா, அதனால் போகாதே என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாங்கள் அவவோடு வாதாடவில்லை. போட்காரரோடுதான் கதைத்தோம். மூன்று பேரும் போனோம். லீடர் எல்லாம் எங்கட ஆள் கட்டுவான், சாமான் காசு அவர் தர வேண்டும். தளப்பத்துக்கு 130க்குக் குறைந்து போடுவதில்லை, வந்தவர் எவ்வளவு கேட்டாலும். கையால் இழுக்கிற துண்டு மூன்று மீற்றருக்கு மேல் இல்லை. ஒரு பெரிய மீன் ஏறினால், விரலால் தடவிச் சொரசொரப்புத் தெரிந்தால், அந்த லீடர் அன்றைக்கே மாற்றப்படும். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். கடைசிக்கு, "ஒவ்வொரு நாளும் புதுசா?" என்று கேட்டார். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டக் கதைத்து, மாதம் இத்தனை உருளை என்று ஓர் எண்ணிக்கைக்கு வந்தோம். நாங்கள் கேட்டதை விடக் குறைவு.

சனிக்கிழமை விடிய நாலரைக்கு முதல் ஓட்டம். நாலு விண்ட்-ஒன்னும் ஆறு பாரை லீடரும் கட்டி, ஒவ்வொன்றையும் வட்டமாகச் சுற்றிப் பையில் போட்டுத் தடிப்பை எழுதி வைத்திருக்கிறான். மாமா வந்து ஒவ்வொரு கிறிம்ப்பையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், ஒன்றை வெட்டச் சொன்னார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"கத்தி எந்தப் பக்கம் வைப்பாய்?"

வலது இடுப்பில் என்று அவன் காட்டினான். மாமா பெல்ற்றைக் கழற்றி, உறையை இடது பக்கத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டார். வலது கையில் சுற்று இருக்கும்.